சம்பந்தி வண்டியின் கிளட்ச் கவர்

எம்.கே.பி. நகர்,
வியாசர்பாடி, சென்னை.
ஞாயிறு மத்தியானம்.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய திரு. லூயிஸ் அவர்களுக்கு, மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற குணசேகரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், என் துணைவியார் பச்சையம்மா, மகள் செங்கொடி ஆகியோர் சுகமாக உள்ளோம். அவ்விடம் தூத்துக்குடியில் தங்கள் உடல் நலமும், தாங்கள் பழுது பார்த்துக்கொண்டிருக்கும், கப்பல் இழுக்கும் டக் போட்டின் இன்ஜின் நலமும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். எத்தனையோ வருடம் இன்ஜின் ரூமில் நின்று தங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதாலும், நான் சொல்ல வேண்டிய விஷயத்தைப் போனில் நாலு தெரு கேட்கும்படி கத்திச் சொல்ல முடியாது என்பதாலும் இந்தக் கடிதம். டிப்போ மேனேஜருக்கு விளக்கக் கடிதம் எழுதிப் பழகிய கை இது. பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். முதலில் நல்ல செய்தி. தங்களுடைய புல்லட் வண்டி பத்திரமாக உள்ளது. திருடு போகவில்லை. மழையில் நனையவில்லை. கீழே விழவில்லை. மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தாங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் அந்த வண்டியை எங்கள் வீட்டில் விட்டபோது சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ராயபுரத்தில் தங்கள் வாசலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரோடுதான், மகனுக்கு ஷிப்ட் வேலை, தினம் துடைக்க ஆள் இல்லாவிட்டால் உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்னும், இன்ஜின் கவரெல்லாம் வெள்ளையாகப் பூத்து அப்புறம் புள்ளி புள்ளியாகக் குழி விழும், எம்.கே.பி. நகருக்கு அந்தக் காற்று அவ்வளவாக வராது, இங்கே நிற்கட்டும் என்றீர்கள். காய்ந்த துணியால் துடைத்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். ஆனால் மனசுக்குள் ஓடியது வேறு. உங்கள் மகன் சாவியோவும் என் மகள் செங்கொடியும் ஒருவரை ஒருவர் விரும்புவது நமக்குத் தெரிய வந்த பிறகு நாம் சந்தித்தது அந்த ஒரு முறைதான். கல்யாணப் பேச்சை, ஊரிலிருந்து திரும்பி வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, வண்டியைப் பற்றி ஒரு டம்ளர் டீ ஆறிப்போகும் வரை பேசினீர்கள். பெண்ணைப் பார்க்க வந்த மனுஷன் பெண்ணைப் பற்றிப் பேசாமல் வண்டியை விட்டுப் போனால் அதற்கு என்ன அர்த்தம்? இது பரீட்சை என்று நான் முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கும் இந்தச் சம்பந்தத்தில் அரை மனசுதான். ஆனாலும் பரீட்சை என்று வந்துவிட்டால் ஃபெயில் ஆகக் கூடாது இல்லையா?

தினமும் காலையில் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அந்த இடது பக்கத்துப் பெரிய கவர், கிளட்ச் கவர், என்னை உறுத்த ஆரம்பித்தது. வண்டி திருவொத்தியூர் ஃபேக்டரியில் பிறந்தபோது அது எப்படிப் பளபளத்திருக்கும், இப்போது பழுப்பேறி, டீக்கடை பாய்லர் மாதிரி மங்கிக் கிடக்கிறதே என்று தோன்றியது. அதைப் பளிச்சென்று ஆக்கி வைத்தால் நீங்கள் வந்து பார்த்ததும் முகம் மலரும், மலர்ந்த முகத்தோடு கல்யாணப் பேச்சு ஆரம்பித்தால் நல்லதுதானே என்று கணக்குப் போட்டேன். பச்சையம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, சலவை சோடாவைக் கொதிக்கிற தண்ணியில் கரைச்சு, அதில் துணியை நனைச்சு, கவர் மேலே பத்துப் போட்ட மாதிரி ஒட்டிட்டு, ஊறட்டும்னு போய்ப் படுத்தேன். ஃபேன் காத்துல தூக்கம் வந்துடுச்சு சார். எழுந்து வந்து துணியை எடுத்தா, கவர் கறுப்பா, கஞ்சி அடி பிடிச்ச பானை மாதிரி கீது. நான் அங்கியே நின்னுகினு இருந்தேன். பச்சையம்மா ரேஷன் பையோட உள்ள வந்தா. பையைக் கீழ வெக்காமலே பார்த்தா.

"இன்னாய்யா, சோத்துப் பானையை அடுப்புலேர்ந்து எறக்கி வண்டில மாட்டிட்டியா?"

அவ்ளோதான் கேட்டா. அப்பால அத்தாவுல்லாவை இட்டாந்தேன். அத்தாவுல்லா என் தோஸ்து, பின்னாடி பிளாக். பாத்திரம், கேட் குமிழ் எல்லாம் பாலீஷ் போடுற பட்டறை வெச்சிருக்கான். சோடா அலுமினியத்துக்கு விஷம், மேல்தோலு வெந்து பூட்சி, இனிமே தேச்சு எடுத்து மறுபடி பாலீஷ் ஏத்துறதைத் தவிர வழி இல்லன்னான். கவரைக் கழட்டணும். நடுவுல ஒரே ஒரு நட்டுதான்னு உங்களுக்குத் தெரியும். உள்ள ஆயிலு இருக்குமேடா, அடியில ஒரு பேசின் வைக்கட்டுமான்னு கேட்டேன். இத்தினி நாள் ஓடாத வண்டில ஆயிலு ஏதுன்னு சொல்லிகினே நட்டைத் திருப்பினான். எவ்ளோ சோக்கா வெச்சிருக்கீங்க சார் வண்டியை, ரொம்பி இருந்துச்சி. பச்சையம்மா போட்ட கோலத்து மேல பரவி, நடையில அப்படியே நகர்ந்து, எதிர் வூட்டுக்காரங்க செருப்பு அத்தினியும் நனைச்சுட்டுத்தான் நின்னுது. எதிர் வூட்டுக்காரரு வெளில வந்து, செருப்பைப் போட்டுகினு ரெண்டு அடி வெச்சாரு. மிச்ச தூரம் அவர் நடக்கல, வழுக்கிகினே பூட்டாரு. படிக்கட்டாண்ட கம்பியைப் புட்சிகினு நின்னாரு. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. அது வேற கடிதம்.

இங்கேர்ந்துதான் சார் விஷயம் வேற மாதிரி போச்சு. அத்தாவுல்லா என் கையில வாட்டர் பேப்பர் குடுத்தான், தண்ணில நனைச்சுத் தேய்க்கிற உப்புத்தாள். முதல்ல முரடு, அப்பால நைசு, அப்பால அதவிட நைசு. ஒரு பேப்பர் போட்ட கோடு மறையிற வரைக்கும் அடுத்த பேப்பரைத் திசை மாத்தித் தேய்க்கணும். அவசரப்படக் கூடாது. நான் நடையில சுவத்துல சாஞ்சி குந்திகினு, கவரை மடியில வெச்சுகினு தேய்க்க ஆரம்பிச்சேன். சர்ரு சர்ருன்னு சத்தம். தண்ணி சாம்பல் நிறத்துப் பாலா வழியும். கொஞ்ச நேரம் போனா அந்தச் சத்தம் என் கையிலேர்ந்து வரலியோன்னு தோணும், எங்கியோ தூரத்துல அலை வந்து மணல்ல உரசிட்டுப் போற மாதிரி இருக்கும். மத்தியான வெயிலு நடை வரைக்கும் வந்து, கால் கட்டை விரலைத் தொட்டுட்டு, மெதுவா திரும்பிப் பூடும். கவர்ல அடியோரமா ஒரு நீளக் கீறல் இருந்துச்சு பாருங்க, வில்லு மாதிரி வளைஞ்சிகினு. அதான் எனக்குப் பெரிய எதிரி. மத்த இடமெல்லாம் சீக்கிரம் பணிஞ்சிடுச்சு, அது மட்டும் ஆழம். அதுக்காண்டியே தனியா மெனக்கெட்டேன். அது கண்ணுக்குத் தெரியாம போன அன்னிக்கு, ஓவர்லோடு பஸ்ல கடைசி டிக்கெட்டும் போட்டு முடிச்ச மாதிரி ஒரு நிம்மதி. இந்த வரியை நினைவில் வைத்துக்கொண்டு என்னை மன்னிக்க முடியுமா என்று பாருங்கள். பின்னால் வருகிறது.

பச்சையம்மா முதல்ல கோவமா எதிர்ல குந்திகினு கீரை ஆய்ஞ்சிகினு இருந்தா. அப்பால கீரைக் கூடையைத் தள்ளி வெச்சிட்டு, இங்க குடு, உனுக்குக் கை வலிக்கப் போவுதுன்னு வாங்கினா. சார், நான் ரிட்டயர்டு ஆனதுலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் ஒரே வூட்ல ரெண்டு வெவ்வேற ரூட்டு பஸ்ஸு மாதிரிதான் ஓடிகினு இருந்தோம். அவ டிவி, நான் டீக்கடை. இந்தக் கவரு ஒரு மடியிலேர்ந்து இன்னொரு மடிக்குப் போய் வந்துகினு இருந்ததுல பேச்சு வந்துச்சி. ஒரு நாள் தேச்சிகினே தலையைத் தூக்காம சொல்றா, நான் டூட்டில இருந்த காலத்துல, மனசு சரியில்லாத நாள்ல எல்லாம் என் பஸ்ஸுல ஏறி எண்ணூர் வரைக்கும் சும்மா போய்ட்டு வருவாளாம். முன்னாடி லேடீஸ் சீட்டுல ஜன்னலாண்ட குந்திகினு. எனக்குத் தெரியவே தெரியாது. நான் டிக்கெட் போட வரலியான்னு கேட்டேன்.

"வந்தே. காசை வாங்கினே, டிக்கெட்டைக் குடுத்தே. என் கையைத்தான் பார்த்தே, மூஞ்சியப் பார்க்கல."

நான் கவரை என் மடிக்கு வாங்கிகினேன். வாட்டர் பேப்பரைத் திசை மாத்திகினேன்.

அப்பால கவரை அத்தாவுல்லா பட்டறைக்கு எடுத்துகினு போனோம். அங்க மோட்டர்ல பஞ்சுத்துணிச் சக்கரம் சுத்தும், அதுல பாலீஷ் கட்டியைத் தடவி, கவரைக் காட்டணும். அத்தாவுல்லா கை தேர்ந்தவன்தான், ஆனா அன்னிக்குப் பார்த்து என்கிட்ட திரும்பிப் பேசினான். சக்கரம் கவரைப் புடுங்கி வுட்டெறிஞ்சிது. நேரா அவன் தொப்பை மேல வந்து விழுந்துச்சி. கவருக்கு ஒண்ணியும் ஆவல. அத்தாவுல்லா கொஞ்ச நாள் நெளிஞ்சிகினுதான் பிரியாணி சாப்ட்டான். ஆனா அவன் பாலீஷ் போட்டு முடிச்சி, பிசுக்கு போவ மாவு தூவி, பழைய பனியன் துணியால ஒரு தபா துடைச்சிக் குடுத்தான் பாருங்க, கவரு எங்க கீதுன்னே தெரியல. பட்டறை மேல் ஓடு, லைட்டு, எங்க ரெண்டு பேரு மூஞ்சி, அதான் தெரியுது. நடுவுல அலுமினியம்னு ஒண்ணு இல்லவே இல்ல.

வூட்டாண்ட கொணாந்து, மடிச்ச புடவை மேல, நடைச் சுவத்துல சாச்சி வெச்சேன். அன்னிலேர்ந்து எனக்கு வேற வேலை ஓடல சார். டூட்டில இருந்த வரைக்கும் நான் ரோட்டைப் பார்த்ததே கிடையாது. பஸ்ஸு முன்னாடி போவும், நான் ஜனத்துக்குள்ள பின்னாடி போய்கினு இருப்பேன். ஜன்னல்ல ஊரு ஓடும், நான் சில்லறையைப் பார்ப்பேன். இப்போ அந்தக் கவர்ல தெரு பூரா வந்து குந்திகினுச்சி. கவரு உப்பிகினு இருக்கிறதால எல்லாம் வளைஞ்சி தெரியும். தண்ணி லாரி வந்தா ஒரு பெரிய மீனு ஆழத்துல திரும்புற மாதிரி திரும்பும். மாடில காயிற புடவைங்க அலை மாதிரி ஆடும், சத்தமே இருக்காது. சண்டை போட்டுகினு போறவங்ககூட அதுக்குள்ள கட்டிப் புட்சிகினு போற மாதிரி தெரிவாங்க. மேகம் ஒண்ணு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நான் டீகூட குடிக்காம பார்த்துகினு இருந்திருக்கேன். அப்பால ஜனம் வர ஆரம்பிச்சிடுச்சு. மீன் விக்கிற அம்மா கூடையை எறக்கி வெச்சிட்டுப் பொட்டைச் சரி பண்ணிகினு போவாங்க. ஒரு ஆட்டோக்காரரு ஷேவிங் செட்டோட வந்து குந்திட்டாரு, கன்னம் ரெண்டும் உப்பித் தெரியுது, ஷேவ் பண்ண இதான் வசதின்னாரு. அவங்க வெச்ச கைரேகையை நான் பின்னாடியே பனியன் துணியால எடுத்துகினு இருந்தேன். ஒரு சாயங்காலம் பச்சையம்மா பின்னாடி வந்து நின்னதை அதுக்குள்ளதான் பார்த்தேன். அகலமா, அமைதியா, நிலா மாதிரி இருந்தா. அந்தத் தபா மூஞ்சியப் பார்த்தேன் சார். அவளும் பார்த்தா. சிரிச்சா.

இத்த இப்படியே வெச்சிக் காப்பாத்தணுமேன்னு அதுக்கு அப்புறம் பயம் புட்சிகிச்சி. வெறும் அலுமினியம் இப்படி நாள் பூரா கண்ணைத் தெறந்துகினு இருந்தா காத்துல மங்கிடும்னு அத்தாவுல்லா சொன்னான். மாசா மாசம் வேக்ஸ் போட்டுத் துடைக்கலாம், இல்லாங்காட்டி ஒரே தபா கிளியர் லாக்கர், அதான் நிறமில்லாத வார்னிஷ், அடிச்சிட்டா ஆயுசுக்கும் கவலை இல்லன்னான். ஆயுசுக்கும்னு கேட்டதும் நான் மயங்கிட்டேன். அன்னிக்கு எண்ணூர் பக்கம் கறுத்துகினு, புழுக்கமா, சுவரெல்லாம் ஈரமா இருந்துச்சி. வெயில் வர்ட்டும்னு பச்சையம்மா சொன்னா. நாங்க கேக்கல. அத்தாவுல்லா ஸ்பிரே அடிச்சி முடிச்சதும், எங்க கண்ணு எதிர்லயே, கண்ணாடியா இருந்தது பாலா மாறிடுச்சு. காத்துல இருந்த ஈரம் உள்ள மாட்டிகினு வெளுத்துடுச்சாம். தெரு, புடவை, மேகம் எல்லாம் உள்ள எங்கியோ இருந்துச்சி, கண்ணுல பொரை விழுந்தவன் பார்க்கிற மாதிரி. சார், நான் டிப்போல ஸஸ்பெண்டு ஆன அன்னிக்குக்கூட அழுவல. அப்பால தின்னர் போட்டு அத்த பூரா எடுத்து, மறுபடி சக்கரத்துல காட்டி, இந்தத் தபா பச்சையம்மா சொன்னபடி வெயில் வந்த நாள்ல, வேக்ஸை மெல்லிசா தடவி, காய வுட்டு, பனியன் துணியால துடைச்சோம். இன்னும் சோக்கா வந்துச்சி. தண்ணி தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடுது. உங்க ராயபுரத்து உப்பும் அதே மாதிரி நிக்காம ஓடிடும்.

இப்போதான் நான் எழுதத் தயங்கிகினு இருந்த இடம். உங்க மகன் சாவியோ காட்டுப்பள்ளி கப்பல் யார்டுல ஷிப்ட் முடியாம இத்தினி நாளா இந்தப் பக்கம் வரல. போன வாரம் வந்தாரு. நான் கவரை எதிர்ல வெச்சுகினு குந்திகினு இருந்தேன், தூங்குறேன்னு நினைச்சிட்டாங்க போல. பின்னாடி வாசப்படியில செங்கொடியும் அவரும் நின்னாங்க. எம்மா தூரம் தள்ளி நின்னாங்கன்னா, நடுவுல ஒரு ஆள் நடந்து போவலாம். அவ வேலை செய்யிற லேப்லேர்ந்து வந்த களைப்புல கண்ணை மூடிகினு நின்னா. தலைமுடியில பஞ்சுத் துணுக்கு ஒண்ணு ஒட்டிகினு இருந்துச்சி, எங்க பாலீஷ் துணிதான். சாவியோ கையை நீட்டி, அவளுக்குத் தெரியாம அத்த எடுத்து, கீழ போடாம, சட்டைப் பாக்கெட்ல போட்டுகினாரு. கவருக்குள்ள நான் பார்த்துட்டேன். சார், எனக்கு அரை மனசுன்னு சொன்னேன் இல்ல, மீதி அரையும் அங்கியே, அந்தப் பாக்கெட்லியே பூட்சி.

அடுத்த நிமிஷம் அவரு எனக்குப் பக்கத்துல வந்து குந்தினாரு. நல்லா வந்திருக்கு மாமான்னாரு. முதல் தபா மாமான்னாரு. அப்பால கட்டை விரலை வெச்சி அடியோரமா தடவிகினே போனாரு. திரும்பத் தடவினாரு. நான் கவர்ல அவர் மூஞ்சியப் பார்த்துகினு இருந்தேன். அது மாறிச்சி.

"மாமா, இங்க ஒரு கோடு இருந்துச்சே."

அப்போதான் சொன்னாரு. உங்க கல்யாணத்தன்னிக்கு ராயபுரம் சர்ச்சுலேர்ந்து நீங்க உங்க வூட்டம்மா ஷிஜி அம்மாவைப் பின்னாடி உக்கார வெச்சி கடலோரமா ஓட்டிகினு போனதும், இறங்கும்போது பழக்கமில்லாம அவங்க அந்தக் கவர் மேல கால வெச்சி, புதுச் செருப்பு ஹீல்ல இருந்த ஆணி கீறினதும், அவங்க பதறிப் போய் அழுததும், இது இருக்கட்டும்னு நீங்க சொன்னதும். அன்னிலேர்ந்து நீங்க அந்தக் கவரைப் பாலீஷே போட வுட்டதில்லையாம். காலைல துடைக்கும்போது கட்டை விரலால அந்தக் கோட்டை ஒரு தபா தடவிட்டுத்தான் வேலைக்குப் போவீங்களாம். ஒண்ணும் செய்ய வேண்டாம்னு நீங்க சொன்னதுக்கு அர்த்தம் அதான்னு எனக்கு அப்போதான் விளங்கிச்சி. உங்க கல்யாண நாளை நான் வாட்டர் பேப்பர் போட்டு அழிச்சிருக்கேன் சார். அதுவும் எதிரின்னு நினைச்சி, மெனக்கெட்டு. சாவியோ கோவப்படல. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன் மாமான்னாரு. அந்தப் புள்ளை இப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கல.

அன்னியிலேர்ந்து கவரைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிட்டேன். எனக்குத் தெருவும் வேணாம், மேகமும் வேணாம். செங்கொடி சரியா சாப்பிடல. பச்சையம்மா என்னை ஒண்ணும் கேக்கல, அதான் பேஜாரா கீது.

ஆகவே, மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு நான் தெரிவித்துக்கொள்வது யாதெனில், தவறு முழுவதும் என்னுடையது. தாங்கள் என்னோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளப் பிரியப்படாவிட்டால் அது நியாயம்தான். ஆனால் பிள்ளைகளை அதில் சேர்க்க வேண்டாம். என்னை வேண்டுமானால் கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள், சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறச் சொல்லுங்கள், வராதே என்றாலும் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். போன கோட்டை என்னால் கொண்டு வர முடியாது. தாங்கள் எதுவானாலும் இரண்டு வரி எழுதினால் போதும். தங்கள் உடம்பை இன்ஜின் சூட்டில் வாட்டாமல் நேரத்துக்குச் சாப்பிடவும். பச்சையம்மா தங்களுக்குத் தனியாக வணக்கம் சொல்லச் சொன்னாள். அத்தாவுல்லாவும் ஒரு சலாம் சேர்த்துக்கொள்ளச் சொன்னான், எதற்கும் பெயரை மட்டும் எழுதாதே என்றான்.

தங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கும்,
குணசேகரன்

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போடும்போது வாசலில் ஆள் குரல். பார்த்தா உங்க வூட்டம்மா, ஷிஜி அம்மா, ராயபுரத்துலேர்ந்து பஸ் புட்சி வந்து நிக்கிறாங்க. சாவியோ சொல்லிட்டாராம். அவங்க கவரைத் திருப்பி, மடியில வெச்சிகினு, அதுல அவங்க மூஞ்சியையே கொஞ்ச நேரம் பார்த்துகினு இருந்தாங்க. அப்பால சிரிச்சாங்க சார். ஒரு தபா நீங்க போட்டுல போய் திரும்ப நாளானப்போ, உப்பு பூத்துப் பூட்சேன்னு அவங்களே ஆசையா உக்காந்து தேச்சி, அந்தக் கோட்டை அழிச்சிட்டாங்களாம். நீங்க வர்றதுக்குள்ள பயந்துகினு அவங்களே ஒரு கோடு போட்டு வெச்சாங்களாம். இத்தினி வருஷமா நீங்க தடவிகினு இருக்கிறது அதைத்தானாம். நான் அழிச்சது ரெண்டாவது கோடு. சொல்லிட்டு, பச்சையம்மாகிட்ட காய் நறுக்குற கத்தியைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போடுற மாதிரி ஒரே இழுப்பு. அதே இடம், அதே வளைவு. மேல வேக்ஸும் தடவிட்டோம். சாவியோகிட்டகூட மூச்சு வுடப் போறதில்லையாம். அவருகிட்ட, கோடு அழியவே இல்ல, கொஞ்சம் மங்கித்தான் இருந்துச்சுன்னு சொல்லிக்கிறேன்னாங்க. நீங்க வந்ததும் தேதி குறிச்சிடலாம்னு அவங்களே சொல்லி, செங்கொடி கையால டீ வாங்கிக் குடிச்சிட்டுப் போனாங்க.

ஆகவே மேலே எழுதின எதுவும் நடக்கல. இத்த உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு அவங்க என்கிட்ட சத்தியம் வாங்கிகினாங்க, அதனால தயவு செஞ்சி இந்தப் பின்குறிப்பை மட்டும் படிக்காம வுட்டுடுங்க. பச்சையம்மா லெட்டரைக் கிழிச்சிப் போடுன்னுதான் சொல்றா. ஆனா சம்பந்தியாப் போற மனுஷன்கிட்ட முதல் லெட்டர்லியே மறைக்க எனக்கு மனசு வரல. நீங்க ஊருக்கு வந்ததும் வழக்கம்போல காலைல துடைச்சிட்டு, கட்டை விரலால தடவுங்க. அவங்க சமையல்கட்டுலேர்ந்து பார்த்துகினு இருப்பாங்க. இந்தத் தபா கோடு ஒரு துளி நீளமா பூட்சி, அத்த மட்டும் கண்டுக்காதீங்க.